எந்தப் பாடவேளை ஆல்பா?

பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் இருபடிச் சமன்பாட்டின் மூலங்களுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயர். அதே வகுப்பின் அறிவியல் புத்தகத்தில், வெப்ப இயற்பியல் பாடத்தில் ஆல்பா என்பது நீள் விரிவுக் குணகம். அணுக்கரு இயற்பியலுக்குப் போனால் அது ஒரு கதிர்; இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த ஹீலியம் உட்கரு. ஹார்மோன்கள் பாடத்தில், கணையத்தின் ஆல்பா செல்கள் குளுக்ககானைச் சுரக்கின்றன; பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. ஒரே மாணவர், ஒரே ஆண்டு, இரண்டே புத்தகங்கள். ஆல்பாவுக்கு நான்கு பொருள்கள்.

சிக்மாவின் கதையும் இதுதான். கணிதத்தில் சிறிய சிக்மா திட்டவிலக்கம். பெரிய சிக்மா கூட்டுத்தொகைக் குறி. மின்னோட்டவியலில் அதே சிறிய சிக்மா மின்கடத்து எண். ரோ என்ற எழுத்து ஒன்பதாம் வகுப்பில் அடர்த்தியாக வந்து, பத்தாம் வகுப்பில் மின்தடை எண்ணாக நிற்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்தக் குறியீட்டுக்கு உரிய விளக்கம் இருக்கிறது. ஒரு பாடத்தின் எழுத்து இன்னொரு பாடத்தில் வேறொன்றாக வரும் என்று சொல்லும் பொறுப்பு மட்டும் எந்தப் பாடவேளைக்கும் சொந்தமில்லாமல் இருக்கிறது. கணித ஆசிரியர் தம் ஆல்பாவைச் சொல்லிவிட்டு வெளியே வருகிறார். அறிவியல் ஆசிரியர் உள்ளே போய்த் தம் ஆல்பாவைச் சொல்கிறார். இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளும் வேலையை மாணவர் தனியாகச் செய்கிறார்.

மதுரை–திண்டுக்கல் சாலையில், பரவையை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். ஒருநாள் திருப்புதல் வகுப்பில், "ஆல்பான்னா என்ன?" என்று பொதுவாகக் கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, "யாரு பீரியடுல கேக்குறீங்க சார்?" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, தெரிந்த ஆல்பாக்களை எல்லாம் எழுதச் சொன்னேன். மூன்று எழுதினாள். நான்காவதை வகுப்பே சேர்ந்து சொன்னது. ஒரு குறியீட்டைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படி வாய்விட்டுக் கேட்பதில்லை. கணக்கை மனத்திலேயே போட்டு விடை சொல்லும் மாணவன் ஒருவன், பதினோராம் வகுப்பில் என்ன பிரிவு எடுக்கப் போகிறாய் என்று கேட்டபோது, "அந்தக் கொக்கி எழுத்தெல்லாம் நமக்கு ஒத்துவராது சார்" என்றான். வரலாற்றையோ வணிகவியலையோ விரும்பி எடுப்பவர் மகிழ்ச்சியாக எடுக்கட்டும். ஆறேழு எழுத்துகளுக்குப் பயந்து ஒரு பிரிவை விட்டுவிடுவது வேறு செய்தி. காய்கறிச் சந்தைக்கும் மில்லுக்கும் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் இவர்கள். பல வீடுகளில் பத்தாம் வகுப்புக்கு வந்த முதல் ஆள். கொக்கி எழுத்தைப் பற்றி வீட்டில் கேட்க யாருமில்லை. நாம் சொன்னால்தான் உண்டு.

நமக்குப் புதிதில்லை

ஓர் எழுத்து பல பொருள் தருவது தமிழ்ப் பிள்ளைக்கு அந்நியமான செய்தி அன்று. ஓரெழுத்து ஒருமொழிகள் நாற்பத்திரண்டு என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. ஆ என்றால் பசு, கோ என்றால் அரசன், கா என்றால் சோலை என்று தமிழ் வகுப்பில் படித்துவிட்டுத்தான் அவர்கள் நம் வகுப்புக்கு வருகிறார்கள். 'மா' ஒன்றே போதும். தோட்டத்தில் அது மரம். செய்யுளில் விலங்கு, வேறொரு செய்யுளில் பெருமை. பழைய கணக்கில் இருபதில் ஒரு பங்கு. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் நில அளவு. ஏறத்தாழ மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். "எங்க தாத்தாவுக்கு ஆறு மா இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால், ஆறு மாமரமா, இரண்டு ஏக்கர் நிலமா என்பதை அவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

எழுத்தை எண்ணாக எழுதியதும் நம் வழக்கமே. க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு, எ என்றால் ஏழு, அ என்றால் எட்டு, வ என்றால் கால். இந்த எண்களையே எழுத்தாக மாற்றி எதிராளியைக் கேலி செய்யும் தனிப்பாடல் ஔவையார் பெயரில் வழங்குவதைத் தமிழாசிரியர்கள் சுவையாகச் சொல்வார்கள். கிரேக்கர்களும் எழுத்தை எண்ணாக எழுதியவர்கள்தாம். அவர்களுக்கு ஆல்பா ஒன்று, டெல்டா நான்கு, பை எண்பது, ரோ நூறு. வட்டத்துக்கும் பை என்ற எழுத்துக்கும் இன்று நாம் அறிந்த தொடர்பு ஆர்க்கிமிடீசுக்குத் தெரியாது. அவருக்கு அது எண்பதுதான்.

வகுப்பில் இதைச் சொன்னபோது, சந்தையில் கடை வைத்திருப்பவரின் மகன் ஓர் உதாரணம் தந்தான். மூட்டையின் மேல் மையால் எழுதிய எழுத்து யாருடைய சரக்கு என்பதைக் காட்டும். பரவைச் சந்தையில் 'மு' என்றால் ஒருவர். ஒட்டன்சத்திரம் சந்தையில் அதே 'மு' வேறொருவர். "எந்தச் சந்தைன்னு தெரியாம மூட்டையைத் தூக்கக் கூடாது சார்" என்றான். அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வகுப்பில் 'எந்தச் சந்தை?' என்பது ஒரு வாசகமாகவே ஆகிவிட்டது.

டெல்டாவுக்கு மூன்று வாசல்

ஓர் எழுத்து ஒரு துறைக்குள் எப்படி நுழைகிறது? மாணவர்களுக்குச் சொல்ல மூன்று வாசல்கள் போதும்: வடிவம், வரிசை, முதலெழுத்து. மூன்று வாசல் வழியாகவும் நுழைந்த எழுத்து டெல்டா. அதனால் அதிலிருந்து தொடங்குவது எளிது.

முதலில் வடிவம். கிரேக்கப் பெரிய எழுத்தான டெல்டா ஒரு முக்கோணம். நைல் ஆறு கடலில் சேரும் இடத்தில் பல கிளைகளாகப் பிரிந்து ஒரு முக்கோண நிலத்தை உண்டாக்குகிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ் அந்த நிலத்தை டெல்டா என்று குறிப்பிட்டிருக்கிறார். பிறகு அது எல்லா ஆறுகளுக்கும் பொதுச்சொல் ஆகி, காவிரிக்கும் வந்து சேர்ந்தது. ஜூன் 12 அன்று குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கப்படுமா என்று செய்தி வரும்போதெல்லாம் 'டெல்டா மாவட்டங்கள்' என்ற சொல் கூடவே வருகிறது. காவிரி டெல்டாவைக் காக்க 2020-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்திலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஒரு கிரேக்க எழுத்து நம் சட்டத்தில் நெல்வயலைக் குறிக்கிறது. வரைபடத்தில் காவிரி டெல்டாவின் கூர்முனை மேற்கே திருச்சிப் பக்கம்; அடிப்பக்கம் கிழக்கே கடற்கரை. புத்தகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கச் சொன்னால் மாணவர்களே எழுத்தைக் கண்டுகொள்வார்கள்.

முக்கோணம் வரைந்து பக்கத்தில் மூன்று புள்ளிகளின் பெயரை எழுதும் வடிவியல் குறியும் வடிவத்தால் வந்ததுதான்.

இரண்டாவது வரிசை. டெல்டா கிரேக்க அரிச்சுவடியில் நான்காம் எழுத்து. 2021 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா வைரஸ் வகைகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக அறிவித்தது. அதுவரை செய்திகளில் அந்தந்த நாட்டின் பெயரால் 'இந்திய வகை' என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நோயின் பெயரோடு ஒரு நாட்டு மக்களின் பெயர் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பிரிட்டனில் முதலில் கண்டறியப்பட்டது ஆல்பா, தென்னாப்பிரிக்காவில் பீட்டா, பிரேசிலில் காமா, இந்தியாவில் டெல்டா. இந்த டெல்டாவுக்கும் ஆற்றுக்கும் முக்கோணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான்காவது என்பதால் அந்தப் பெயர், அவ்வளவுதான். பின்னர் ஒமிக்ரானுக்கு வரும்போது நியூ, சை ஆகிய இரண்டு எழுத்துகளைத் தாண்டிவிட்டார்கள். முதலாவதை ஆங்கிலத்தில் 'புதிய' என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடும். இரண்டாவது, ஆங்கிலத்தில் எழுதும்போது பலருடைய குடும்பப் பெயராக இருக்கிறது. பெயர் வைக்கும்போது கேட்பவரை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது முதலெழுத்து. வேறுபாடு என்பதற்கான லத்தீன் சொல்லும் கிரேக்கச் சொல்லும் டெல்டாவின் ஒலியில் தொடங்குகின்றன. ஆகவே இயற்பியலில் வெப்பநிலை மாற்றத்தையோ நீள மாற்றத்தையோ எழுதும்போது முன்னால் ஒரு டெல்டா போடுகிறோம். அங்கே அது முக்கோணமும் அல்ல, நான்காவதும் அல்ல.

இவற்றைத் தவிர, இருபடிச் சமன்பாட்டின் தன்மைக்காட்டிக்கு டெல்டா என்று பெயர். வேதிச் சமன்பாட்டில் அம்புக்குறியின் மேல் டெல்டா இருந்தால் வெப்பப்படுத்து என்று பொருள். ஒரு மாணவரை அழைத்து இந்த ஐந்தாறு டெல்டாக்களையும் மூன்று வாசல்களின் கீழ்ப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எந்த வாசலிலும் அடங்காதவற்றை நான்காவது பத்தியில் 'வழக்கம்' என்று எழுதட்டும். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

வரிசையால் வந்தவை

1899-இல் ரூதர்ஃபோர்டு யுரேனியக் கதிர்களை ஊடுருவும் திறனைக்கொண்டு இரண்டாகப் பிரித்து, குறைவாக ஊடுருவுவதற்கு ஆல்பா என்றும் அதிகமாக ஊடுருவுவதற்குப் பீட்டா என்றும் பெயரிட்டார். அதைவிட ஊடுருவும் மூன்றாவதற்குப் பின்னர் காமா என்ற பெயர் வந்தது. இந்த வரலாற்றை ஒரு நிமிடம் சொல்லிவிட்டால், 'ஊடுருவும் திறன் மிகுந்த கதிர் எது?' என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் தேவையில்லை. விடை அகர வரிசையிலேயே இருக்கிறது.

வானத்திலும் இதே முறை. 1603-இல் ஜெர்மானியரான யோகான் பேயர் தம் விண்மீன் வரைபட நூலில், ஒவ்வொரு விண்மீன் கூட்டத்திலும் ஏறத்தாழ ஒளிமிகுந்ததிலிருந்து தொடங்கி ஆல்பா, பீட்டா என்று பெயர் கொடுத்தார். நம் சித்திரை விண்மீன் கன்னிக் கூட்டத்தின் ஆல்பா. ரோகிணி ரிஷபத்தின் ஆல்பா. மகம் சிம்மத்தின் ஆல்பா. திருவாதிரை ஓரியன் கூட்டத்தின் ஆல்பா. ஆனால் அதே கூட்டத்தில் பீட்டாவான ரீகல் பெரும்பாலும் அதைவிடப் பிரகாசமாகத் தெரியும். சித்திரைத் திருவிழா பார்த்து வளரும் மதுரைப் பிள்ளைக்கு, அந்த மாதத்துக்குப் பெயர் தந்த விண்மீனுக்கு ஒரு கிரேக்க இனிஷியலும் இருக்கிறது என்பது உடனே மனத்தில் பதியும்.

கடைசி எழுத்து ஒமேகா. ஒமேகா-3 கொழுப்பு அமிலம் என்ற விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் இல்லை. நீண்ட கார்பன் சங்கிலியின் கடைசிக் கார்பனை ஒமேகா என்கிறார்கள். அந்தக் கடைசி முனையிலிருந்து எண்ணினால் முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாவது கார்பனில் தொடங்குகிறது. அதனால் ஒமேகா-3. மத்தி மீனில் இருப்பது இதுதான். அதே எழுத்தின் பெரிய வடிவம் இயற்பியலில் மின்தடையின் அலகான ஓம். அங்கே வரிசைக்கு வேலையில்லை. ஓம் என்ற பெயரின் ஒலிக்குப் பொருந்தி வந்த எழுத்து. ஆங்கில 'ஓ' எழுதினால் சுழியத்தோடு குழம்பும்.

முதலெழுத்தால் வந்தவை

வட்டத்தின் பை, சுற்றளவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து. வேல்ஸ் நாட்டவரான வில்லியம் ஜோன்ஸ் 1706-இல் இதை அந்தப் பொருளில் எழுதினார். ஆய்லர் எழுதத் தொடங்கிய பிறகு எங்கும் பரவியது. மதிப்பு அதற்கு வெகு காலம் முன்பே தெரிந்ததுதான். 20,000 விட்டமுள்ள வட்டத்துக்குச் சுற்றளவு 62,832 என்று ஆரியபட்டர் சொன்னார், வகுத்தால் 3.1416. அவரிடம் எண் இருந்தது, இந்த எழுத்து இல்லை. எழுத்து வேறு, அது குறிக்கும் பொருள் வேறு என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டுத்தொகைக்குப் பெரிய சிக்மாவை 1755-இல் கொண்டுவந்தவர் ஆய்லர். கூட்டல் என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலொலி அது. மைக்ரோ என்ற முன்னொட்டுக்கு மியூ வந்ததும் இப்படியே. 'சிறிய' என்ற கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து. பி.எட். படித்த நாம் கல்வி உளவியல் நூல்களின் அட்டையில் திரிசூலம் போன்ற ஓர் எழுத்தைப் பார்த்திருப்போம். அது சை, உள்ளம் என்ற கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து. அதே திரிசூலம் குவாண்டம் இயற்பியலில் அலைச்சார்பு.

ஒலிபெயர்ப்பில் வரும் சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். வட்டத்தின் எழுத்தும், கோணத்துக்கு எழுதும் இன்னொரு எழுத்தும் பலர் வாயில் ஒரே 'பை' ஆகிவிடுகின்றன. இரண்டாவதை ஆய்தம் சேர்த்து 'ஃபை' என்று சொல்லியும் எழுதியும் பழக்குவது நல்லது. கொரோனா வகைக்கு வைக்காமல் விட்ட எழுத்தும் உளவியலின் எழுத்தும் தமிழில் ஒரே 'சை' ஆவதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம். வெற்றுக் கணத்தின் குறியைப் பலரும் ஃபை என்றே படிக்கிறோம். அது கிரேக்க எழுத்தே அன்று; நார்வே மொழியின் எழுத்து. பிரெஞ்சுக் கணிதவியலர் ஆந்த்ரே வெய்ல் அதைத் தேர்ந்தெடுத்தார். 'வெற்றுக் கணம்' என்றே படித்துவிட்டால் தொல்லையில்லை.

கடையிலும் கைப்பேசியிலும்

எழுத்துகள் பாடப் புத்தகத்தோடு நிற்கவில்லை. சுவிட்சர்லாந்துக் கடிகார நிறுவனம் ஒன்று 1894-இல் தான் உருவாக்கிய கடிகாரப் பொறிக்கு ஒமேகா என்று பெயரிட்டது. பிறகு அதுவே நிறுவனத்தின் பெயரானது. இறுதி எழுத்து, இதற்கு மேல் ஒன்றில்லை என்ற எண்ணம். கடிகாரத்தின் முகப்பில் ஓம் குறியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தனை ஓம் சார்?" என்று கேட்பவன் பாடத்தைக் கவனித்திருக்கிறான், சந்தைதான் மாறிவிட்டது.

டெல்டா ஏர்லைன்ஸின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் பருத்தி வயல்களுக்கு விமானத்திலிருந்து பூச்சிமருந்து தூவிக்கொண்டிருந்த நிறுவனம் அது. 1928-இல் மிசிசிப்பி டெல்டாவின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. அதன் சின்னம் முக்கோணம். எழுத்து நிலமாகி, நிலம் நிறுவனமாகி, நிறுவனத்தின் சின்னத்தில் மீண்டும் எழுத்தாகிவிட்டது.

தொழிற்சாலைகளில் 'சிக்ஸ் சிக்மா' என்று ஒரு தர முறை உண்டு. 1986-இல் மோட்டோரோலா நிறுவனத்தில் தொடங்கியது. பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 குறைபாடுகளுக்கு மேல் வரக் கூடாது என்பது அதன் இலக்கு. அந்தச் சிக்மா நாம் பத்தாம் வகுப்பில் கணக்கிடும் அதே திட்டவிலக்கம். 'இந்தக் கணக்கு எதுக்கு சார்?' என்ற கேள்விக்கு நேரான விடை இது. கைப்பேசிக் காணொளிகளில் பிள்ளைகள் பார்க்கும் 'சிக்மா' வேறு. யாரையும் சாராத கெத்தான ஆள் என்று அங்கே பொருள். கேலியாகத் தள்ளிவிடாமல் அதையும் பட்டியலில் ஒரு வரியாக எழுதவிட்டேன். இன்றைய பள்ளிப் பிள்ளைகளையே 'ஆல்பா தலைமுறை' என்று ஊடகங்கள் அழைக்கின்றன. அவர்களும் ஓர் ஆல்பாதான்.

மாறினால் என்ன ஆகும்?

சந்தை மாறினால் மதிப்பெண் மட்டும் போவதில்லை. தைராய்டு மாத்திரையின் அளவு 50, 100 என்று மைக்ரோகிராமில் இருக்கும். மைக்ரோகிராமுக்கான குறியில் மியூ இருக்கிறது. அதைக் கையால் அவசரமாக எழுதும்போது மில்லிகிராம் போலத் தெரிந்தால் அளவு ஆயிரம் மடங்காகிவிடும். இதனால்தான் கையெழுத்து மருந்துச் சீட்டில் மியூவைத் தவிர்த்துவிட்டுச் சொல்லாகவோ வேறு சுருக்கமாகவோ எழுதுமாறு மருந்துப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நம் மாணவிகளில் பலர் செவிலியர் படிப்பையும் மருந்தாளுநர் படிப்பையும் கனவு காண்கிறார்கள். இந்தச் செய்தி அவர்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

விடைத்தாளிலும் கையெழுத்து முக்கியம். ரோவை ஆங்கில 'பி' போலவும், நியூவை 'வி' போலவும், மியூவை 'யு' போலவும் எழுதிவிடுகிறார்கள். ஒளியின் திசைவேகம் அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் வரும் என்று எழுதும் இடத்தில், அதிர்வெண்ணின் நியூ திசைவேகத்தின் 'வி' ஆகிவிட்டால் சமன்பாடே தவறு. அரிச்சுவடி எழுதப் பழக்கியதுபோல், கிரேக்க எழுத்துகளையும் கரும்பலகையில் மெதுவாக, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று காட்டி எழுதப் பழக்க வேண்டும். நான்கு கோடு நோட்டில் ஒரு பக்கம் போதும்.

நம்மவர் கையில்

இவை வெள்ளைக்காரர் எழுத்து என்று மாணவர் நினைக்கத் தேவையில்லை. டெல்டா மண்ணான கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1914-இல் பையின் மதிப்பைக் காணும் வியப்பான சூத்திரங்களை வெளியிட்டார். 1916-இல் அவர் ஆராய்ந்த சார்புக்கு டௌ என்ற எழுத்தே பெயர். உலகக் கணிதவியலர்கள் அதை இன்றும் இராமானுஜன் டௌ சார்பு என்கிறார்கள். இயற்பியலில் டௌ வேறொன்று. 1975-இல் கண்டறியப்பட்ட ஒரு துகள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், தம் உடன் ஆய்வாளர்கள் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை புரத மூலக்கூறு எப்படி மடங்க முடியும் என்பதைக் காட்டியது. ஃபை, சை என்ற இரண்டு கோணங்களை இரு அச்சுகளில் வைத்து வரையும் அந்தப் படத்துக்கு இராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். புரத ஆய்வு நடக்கும் எந்த நாட்டு ஆய்வகத்திலும் அதைக் காணலாம்.

மதுரையிலேயே 85 டன் எடையில், பதினொரு இரும்புத் தட்டு அடுக்குகளுக்கு இடையே உணர்கருவிகளை வைத்து ஒரு சிறு ஆய்வுக் கருவி அமைக்கப்பட்டிருக்கிறது. வானிலிருந்து வந்துகொண்டே இருக்கும் மியூவான் துகள்களை அது பதிவு செய்கிறது. மியூவானின் குறி மியூ. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் அவை நம்மைக் கடந்து போகின்றன. உள்ளங்கையை விரித்து ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லிவிட்டு இதைச் சொன்னால், ஒளிவிலகல் எண்ணாக மட்டும் மியூவை அறிந்த பிள்ளைகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தேனிச் செய்திகளில் அடிபட்ட நியூட்ரினோவின் குறி நியூ. அதிர்வெண்ணுக்கும் அதே நியூதான்.

வகுப்பறையில் செய்யக் கூடியவை

எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையும் நானும் பேசி வைத்துக்கொண்டு சில சிறு வேலைகளைச் செய்கிறோம். செலவில்லாதவை, எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

1. எழுத்துச் சுவர்: ஓர் எழுத்துக்கு ஓர் அட்டை. பாடம், பொருள், அலகு, பக்க எண் என்று நான்கு பத்திகள். புதிய பொருள் வரும் நாளில் மாணவரே வந்து ஒரு வரி சேர்ப்பார். ஜூனில் வெறும் அட்டையாகத் தொங்கியது, அரையாண்டுக்குள் நிறைந்துவிடும். செய்தித்தாள், விளம்பரம், கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றில் கண்டதையும் சேர்க்கலாம்.

2. மூன்று கேள்விகள்: எந்தச் சந்தை? பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா? அலகு என்ன? இவற்றில் மூன்றாவது மிகவும் பயன் தருவது. ரோவுக்குப் பக்கத்தில் கன மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்றிருந்தால் அடர்த்தி. ஓம் மீட்டர் என்றிருந்தால் மின்தடை எண். ஆல்பாவுக்குப் பக்கத்தில் கெல்வினுக்கு இவ்வளவு என்றிருந்தால் நீள் விரிவுக் குணகம். சூத்திரம் மறந்தாலும் அலகு காட்டிக்கொடுத்துவிடும்.

3. ஒரு வரி அறிமுகம்: கிரேக்க எழுத்தை முதலில் எழுதும்போது, 'இந்தப் பாடத்தில்' என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்வது. "இந்தப் பாடத்தில் சிக்மா என்பது மின்கடத்து எண். கணிதத்தில் நீங்கள் பார்த்த சிக்மா வேறு." பத்து நொடி வேலை.

4. பிரித்து எழுதும் வினா: திருப்புதல் தேர்வில், ஒரே எழுத்து வரும் மூன்று சிறு சமன்பாடுகளைக் கொடுத்து ஒவ்வொன்றிலும் அது எதைக் குறிக்கிறது என்று கேட்பது. கணக்கைச் செய்ய வேண்டியதில்லை. அடையாளம் கண்டால் போதும்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பெருக்கல் குறி சிவப்பு மையில் விழுந்தால் தவறு. கணக்கில் வந்தால் பெருக்கல். ஆறாம் வகுப்புக்குப் போனால் அதைப் போன்ற ஆங்கில எழுத்து ஒன்று தெரியாத எண்ணைக் குறிக்கும். மூன்றாம் வகுப்பிலேயே, "இதே கோடு எங்கெல்லாம் வருது? அங்கெல்லாம் என்ன சொல்லுது?" என்று ஒரு விளையாட்டு நடத்தலாம். ஓரெழுத்து ஒருமொழி நடத்தும் தமிழாசிரியர் ஒரு நிமிடம் ஒதுக்கி, கணக்கு வகுப்பிலும் இப்படி வரும் என்று சொல்லிவிட்டால், பின்னால் வரும் எங்கள் வேலை பாதியாகக் குறையும்.

வரும் கல்வியாண்டின் முதல் வாரத்தில், உங்கள் பள்ளியின் கணித, அறிவியல், தமிழ் ஆசிரியர்கள் ஒரு மதிய உணவு இடைவேளையில் சேர்ந்து உட்கார்ந்து, பத்தாம் வகுப்புப் புத்தகங்களில் வரும் கிரேக்க எழுத்துகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. எந்த எழுத்து எந்த மாதம், யாருடைய பாடவேளையில், எந்தப் பொருளில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டிவையுங்கள். அதன் நகல் ஒன்றை வகுப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். கேட்கத் தயங்கும் பிள்ளை அதைப் பார்த்துக்கொள்ளும்.